வெள்ளிக்கிழமையை மாற்றியது யார்

பிரேமலா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிய நேரத்தில் ஜொகூரின் மூவார் ஆறு ஏறி வீட்டுக்குள் வந்தது; கணக்குப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய், உறவுக்காரர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்து, கணக்கில் ஏ வாங்கினாள். பாலிடெக்னிக்கில் முதல் தடவை இடமில்லை என்றார்கள். மேல்முறையீடு எழுதி உள்ளே போனாள். கெலாங் பாத்தாவில் ஒரு மின்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா முடித்தாள். கார் ஓட்டும் தேர்வில் மூன்று தடவை மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. நான்காம் தடவை உருளவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?" என்று கேட்ட சித்தப்பாவே, கைப்பேசி கெட்டுப்போனபோது, "கொஞ்சம் பாரும்மா" என்று அவளிடம் வந்து நின்றார். அதையும் ஒரு வெற்றியாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் அவளுக்குக் கிடைத்தது அவளுடைய சந்தேகப் புத்தியால்தான் என்பது அண்ணன் ஜெயபாலனின் கட்சி. மூவாரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தங்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கையிலிருக்கும் தே ஓ தேநீர் ஆறும்வரை விடமாட்டான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கினால் பிரித்துப் பார்த்து, முட்டை இருக்கிறதா என்று உறுதி செய்தபிறகுதான் பிரேமலா கடையை விட்டு நகர்வாள். சிறு வயதிலிருந்தே அப்படி. "இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டா. காட்டணும்" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வான்.

2025 பிப்ரவரியில் பெர்மாஸ் ஜெயாவில் அவளுக்கு வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அலுவலகம். தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தார்கள்: எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் என்று முதல்நாள் சாயங்காலமே டிரைவர்களின் கைப்பேசிக்குப் போய்விடும். முதலாளி தேனப்பன், நிரல் எழுதும் லெட்சுமணன், வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ஹஸ்லினா, கடைசியாகப் பிரேமலா. ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஆகஸ்ட் பதினான்காம் தேதி முதலாளி கூப்பிட்டுப் பேசுவார். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் மறுபடியும் கெலாங் பாத்தா.

அவளுக்குக் கொடுத்த வேலை புது மாதிரி. அலுவலகத்தில் நிரல் எழுத ஏ.ஐ. உதவியாளன் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு குணம்: இன்றைக்குச் சொன்னது நாளைக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதிதாகப் பிறந்து வரும். அதனால் அலுவலகத்து வழக்கங்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், வேலையைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துக்கொள்ளும். பேர் எப்படி வைக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, எப்போது நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த விதிக்கோப்பை எழுதுவதும், உதவியாளனுக்குக் கொடுக்கும் கட்டளைகளை ஒழுங்குபடுத்துவதும் பிரேமலாவின் பொறுப்பு.

லெட்சுமணன் அந்த உதவியாளனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தான்.

"எதக் கேட்டாலும் ‘கண்டிப்பா, இதோ’ங்குது பாரு. கல்யாணமான மொத வாரம் நானும் இப்படித்தான் இருந்தேன்" என்றான்.

"அப்புறம் என்னாச்சுண்ணே?"

"அப்புறம் வீட்ல எனக்கே ரூல்ஸ் எழுதிட்டாங்க லா."

பிரேமலா சிரித்தாள். ஆனால் மாப்பிள்ளையை அவள் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் எதையும் அவள் நம்பியதில்லை. அது எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் பொட்டலத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்கான கையேடுகள் பழசாகிக் கிடந்ததால், முதல் வாரத்திலேயே அதற்கும் ஒரு விதி எழுதினாள். பிறகு வார இறுதியைப் பற்றி எழுதினாள்.

ஜொகூர் மாநிலத்துக்காரர்களுக்கு வார இறுதி கொஞ்சம் சிக்கலானது. பத்து வருடத்துக்கு மேலாக வெள்ளியும் சனியும் விடுமுறை. 2025 ஜனவரியிலிருந்து மறுபடியும் சனியும் ஞாயிறும். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் எப்போதுமே சனி ஞாயிறு. லெட்சுமணன் பல வருடத்துக்கு முன் எழுதிய நிரலின் அடித்தளத்தில் வெள்ளி, சனி என்றுதான் இருந்தது. ஜனவரியில் அதைத் தோண்டி எடுக்க நேரமில்லாமல், மேலே ஓர் ஒட்டுப் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். வேலை நடந்தது. ஆனால் அடியில் பார்க்கிற யாருக்கும் அங்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும். அதனால் பிரேமலா, "ஜொகூரில் வார இறுதி சனி, ஞாயிறு" என்று விதிக்கோப்பில் தெளிவாக எழுதி வைத்தாள்.

ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. காலையில் மாசாய் சாலையோரத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் மொத்தமும் பேருந்துக்கு நின்றார்கள். பேருந்து வரவில்லை. பேருந்துகளின் சொந்தக்காரர் வீரமுத்து தேனப்பனைக் கூப்பிட்டார். தேனப்பன் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார்.

"பாஸ், என் டிரைவருங்க எல்லாம் வீட்ல உக்காந்து தோச சாப்ட்டுக்கிட்டு இருக்கானுங்க. கேட்டா, ஒங்க சிஸ்டம் இன்னைக்கு லீவுன்னு சொல்லுதாம். எந்த நாட்டுல பாஸ் லீவு?"

"மன்னிச்சிருங்க. இப்பவே பாக்கச் சொல்றேன்."

"நீங்க பாருங்க. நானே ஒரு பஸ்ஸ எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன். இந்த வயசுல என்ன ஸ்டேரிங் பிடிக்க வச்சிட்டீங்க."

அந்த வாரம் டிரைவர் அட்டவணைக்கு லெட்சுமணன் புதுப் பக்கம் ஒன்று செய்திருந்தான். அதாவது, மாப்பிள்ளையை விட்டுச் செய்ய வைத்திருந்தான். அதில் வெள்ளி விடுமுறை என்று இருந்தது. ஏன் என்று பார்க்க விதிக்கோப்பைத் திறந்தார்கள். "ஜொகூரில் வார இறுதி வெள்ளி, சனி" என்று இருந்தது.

பிரேமலா திரையருகே குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். "நான் சனி, ஞாயிறுன்னுதான் எழுதினேன் பாஸ்."

"இங்க அப்படி இல்லையே."

"யாரோ மாத்தியிருக்காங்க."

யார் மாற்றினாலும் அலுவலகக் கணினியில் பேர் பதிவாகும். பார்த்தார்கள். பதிவில் இருந்த பேர் தேனப்பன்.

அது ஒன்றும் அதிசயமில்லை. அலுவலகம் தொடங்கிய நாளில் தேனப்பன் தன் பேரில் ஒரே ஒரு கணக்குத்தான் திறந்திருந்தார். ஒரே குடும்பம்போல இருக்கிறோம், ஆளுக்கொரு சாவி எதற்கு என்பது அவர் எண்ணம். எல்லோரும் அதே கணக்கில்தான் நுழைந்தார்கள். மாப்பிள்ளைக்கும் அதே கணக்குதான். ஆகவே அந்த அலுவலகத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் செய்தவர் தேனப்பன்.

"நான் மாத்தலை" என்றார் தேனப்பன். சொல்லிவிட்டு, தான் மாற்றியிருக்கக்கூடுமோ என்று ஒரு கணம் அவரே யோசித்ததுபோல் இருந்தது. "பிரேமலா, விதி எழுதுறது ஒங்க பொறுப்பு. ப்ரொபேஷன் முடியப் போற நேரம். பாத்துக்கோங்க."

அவள் விதியைச் சரிசெய்தாள். அன்றிலிருந்து காலையில் வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை, வந்து உட்கார்ந்திருந்தது.

இந்தத் தடவை யாரும் தெருவில் நிற்குமுன் பிடித்துவிட்டாள். ஆனால் ஒரு தடவை நடந்தால் தவறு. இரண்டாம் தடவையும் அதே வரியில் நடந்தால் அது யாரோ செய்கிற வேலை. யார்? அரைநாள் ஹஸ்லினாவைச் சந்தேகப்பட்டாள். ஹஸ்லினா அந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல், "அடோய், நான் எதையும் அழுத்திட்டேனா?" என்று மலாயில் கேட்டுப் பதறியதும் அவளை விட்டுவிட்டாள். மிச்சம் லெட்சுமணன்.

எல்லாம் அவன்மேல்தான் போய்ப் பொருந்தியது. இரண்டு தடவையும் முதல்நாள் விடுமுறைப் பகுதியில் வேலை செய்தவன் அவன். வெள்ளி, சனி என்று முதலில் எழுதியதும் அவன். விதிக்கோப்பு வந்ததிலிருந்து, "என் கோடுக்கு என்ன கொறச்சல்?" என்று முணுமுணுத்ததும் அவன்தான். அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் அவன் திரை மங்கலாகத் தெரிந்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால், யாரிடம் பேசுகிறான் என்று காது அவன் பின்னால் போயிற்று. மனைவியிடம்தான். வாளை மீன் வாங்கவா, வேண்டாமா என்பதுதான் விஷயம்.

ஒருநாள் கீழே ‘மாமாக்’ எனும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்த வீக்கெண்ட் ரூல நீங்க தொட்டீங்களா?"

ரொட்டி சானாயைக் கிழித்துக்கொண்டிருந்த லெட்சுமணன் நிமிர்ந்தான். "இதுக்குத்தான் மூணு நாளா கண்ணாடியில என் மொதுக பாத்துக்கிட்டு இருந்தியா?"

"தொட்டீங்களா, இல்லையா?"

"நான் எதுக்குத் தொடணும்? கேளு தங்கச்சி, ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன். நான் ஒன்னத்தான் சந்தேகப்பட்டேன்."

"என்னயா?"

"ஆமா. நீயே மாத்திட்டு, நீயே கண்டுபிடிச்சி, பாஸ்கிட்ட நல்ல பேரு வாங்குறியோன்னு."

"அந்த மாதிரி புத்தியெல்லாம் எனக்கு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா லா?" அவன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தான். அவள் பணம் கொடுக்கப் போனபோது, தன்னுடையதை மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த ஞாயிறு லார்கினில் பேருந்து ஏறி மூவாருக்குப் போனாள். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அவனேதான். சந்தேகமே வேணாம். எந்த ஊருக்காரன்?"

"குளுவாங்."

"பாத்தியா!" என்றான் அண்ணன், ஏதோ நிரூபணமாகிவிட்டதுபோல. "பேசாம மொதலாளிகிட்ட சொல்லிரு. இல்லன்னா ஒன் வேல போயிரும், அவன் நல்லா இருப்பான்."

திங்கட்கிழமை அவள் சொன்னாள். பேரைச் சொல்லித்தான் சொன்னாள். தேனப்பன் பேனாவை மூடியபடி, "லெட்சுமணனா? எட்டு வருசம் என்கூட இருக்கான்" என்றார். பிறகு, "சரி, நான் பாக்கறேன்" என்றார். அன்று மத்தியானமே லெட்சுமணனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சாயங்காலம்வரை மாப்பிள்ளை என்ற பேச்சே வரவில்லை.

புதன்கிழமை, பதின்மூன்றாம் தேதி. மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க லெட்சுமணன் விடுப்பு. தேனப்பன் கோலாலம்பூரில். ஹஸ்லினா வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டாள். பிரேமலா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். காலையில் விதிக்கோப்பைப் பார்த்தாள்: சனி, ஞாயிறு. நல்லது.

வீரமுத்துவுக்கு ஓர் அவசர வேலை பாக்கி. ஆகஸ்ட் முப்பத்தொன்று சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால், மறுநாள் திங்களும் விடுமுறை. அதை அட்டவணையில் சேர்க்க வேண்டும். லெட்சுமணன் வர மாட்டான் என்பதால் அவளே மாப்பிள்ளையிடம் சொன்னாள். "கண்டிப்பாக" என்றது. கொஞ்ச நேரத்தில் "முடிந்தது" என்றது. அவள் அட்டவணையைப் பார்த்தாள்; திங்கட்கிழமை சரியாக இருந்தது. கொண்டுவந்த சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் விதிக்கோப்பை இன்னொரு தடவை திறந்தாள்.

வெள்ளி, சனி.

அவள் முதலில் கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடி இருந்தது. கழிவறையில்கூட யாரும் இல்லை. உடனே லெட்சுமணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாஸ்போர்ட் ஆபீஸ்ல. என்னா?"

"லேப்டாப் வச்சிருக்கீங்களா?"

"லேப்டாப்பா? ஒரு கையில ஃபைலு, இன்னொரு கையில பையன். வாய்லயா வச்சிக்குவேன்?" பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ மலாயில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மறுபடியும் மாறிருச்சா? இப்பவும் நான்தானா? போன வை தங்கச்சி, என் நம்பர் வருது."

அவள் திரையின் முன் உட்கார்ந்தாள். சந்தேகப்பட ஆள் இல்லாத அறை அவளுக்குப் புதிது. மாப்பிள்ளை "முடிந்தது" என்று சொன்ன இடத்துக்குப் போனாள். அதற்குக் கீழே வழக்கம்போல நீளமான ஆங்கிலக் குறிப்பு இருந்தது. அந்த அலுவலகத்தில் யாரும் முதல் வரிக்குக் கீழே போவதில்லை. அவளும் அது எழுதிய நிரலைத்தான் துருவிப் பார்ப்பாளே தவிர, அதன் பேச்சைப் படிப்பதில்லை. இப்போது படித்தாள். பாதிக்குமேல் போனபிறகு வந்தது: விதிக்கோப்பில் வார இறுதி பற்றிய வரி நிரலோடு முரண்பட்டது, மூன்றாம் விதியின்படி நிரலுக்கு ஏற்ப அதைத் திருத்திவிட்டேன்.

மூன்றாம் விதி என்ன? அவளுக்குத் தெரியும். கோப்பைத் திறந்து பார்க்காமலே தெரியும். "எழுத்தில் இருப்பதும் நிரலில் இருப்பதும் முரண்பட்டால், கேட்க வேண்டாம், எழுத்தைத் திருத்திவிடு." கையேடுகளுக்காக முதல் வாரத்தில் அவள் எழுதியது. விதிக்கோப்பும் எழுத்துதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. ஜூலைவரை யாரும் அதை விடுமுறைப் பக்கம் அனுப்பாததால் எதுவும் நடக்கவில்லை. அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அது அடியில் கிடந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்தது, அவள் கொடுத்த அதிகாரத்தில் அவள் விதியையே மாற்றியது, முதலாளியின் பேரில் பதிந்தது.

எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தாள். ஒருத்தியை விட்டுவிட்டாள்.

மூன்றாம் விதியை எடுத்துவிட்டால் போதும். இனிமேல் நடக்காது. ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். லெட்சுமணன் பயந்து நிறுத்திக்கொண்டான் என்றுதான் நினைப்பார்கள். நாளைக்கு வேலை நிரந்தரம். பதிவில் இருப்பது தேனப்பன் பேர். அவள் பேர் எங்குமே இல்லை. விரல் விசைப்பலகையின்மேல் இருந்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். "என்னம்மா, ஆளப் பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேண்ணே."

"அந்தக் குளுவாங்காரன்தானே?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். வார இறுதி வரியை மட்டும் சரிசெய்திருந்தாள்; மூன்றாம் விதியை அவள் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தேனப்பன் அவளைக் கூப்பிட்டார். லெட்சுமணனையும் கூப்பிடுங்கள் என்றாள். அவன் வந்து உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"பாஸ், அண்ணன் மேல தப்பு இல்ல. நான் எழுதின ரூல்னாலதான் மாறிக்கிட்டு இருந்திச்சி. மாத்தினது மாப்பிள்ள. மாத்தச் சொன்னது நான்."

தேனப்பன் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "இது ஏன் இன்னைக்குத் தெரியுது? ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?"

"பேசி வச்சிக்கிறதா?" என்றான் லெட்சுமணன். "ஒரு வாரமா நாங்க சரியாப் பேசிக்கிறதே இல்ல பாஸ்."

"நம்ப வேணாம்" என்றாள் பிரேமலா. "காட்டுறேன்."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். விதிக்கோப்பில் சனி, ஞாயிறு என்று இருப்பதை அவரையே வாசிக்கச் சொன்னாள். விடுமுறைப் பகுதியில் ஒரு சின்ன வேலையை அவர் கையாலேயே கேட்கச் சொன்னாள். மூவரும் காத்திருந்தார்கள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். "முடிந்தது" என்று வந்ததும் கோப்பைத் திறந்தார். வெள்ளி, சனி. தேனப்பன் பேர்.

"அலமாக்" என்றார் தேனப்பன். "என் கண்ணு முன்னாலயே என் பேருல செய்யுதே."

"பேரு ஒங்களது, திட்டு வாங்கினது நானு" என்றான் லெட்சுமணன் சுவரிலிருந்து.

தேனப்பன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "நீங்க இத மறச்சிருக்கலாம்."

"மறைக்கத்தான் நெனச்சேன் பாஸ்."

"இவன எங்கிட்ட மாட்டி விட்டீங்க. நானும் இவன எட்டு வருசத்துல கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுட்டேன்." அவர் குரல் இறங்கியது. "இன்னைக்கு என்னால ஒங்களுக்கு லெட்டர் குடுக்க முடியாது. இன்னும் மூணு மாசம் பாப்போம். ஆனா ரூல்ஸ் வேல ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். வேலை போகவில்லை என்பதே பெரிது. பிரேமலா எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் பாஸ். ஒங்க பேருல நான் இனிமே ஒரு வரிகூட எழுத மாட்டேன். எனக்குத் தனிக் கணக்கு வேணும். அண்ணனுக்கும். அந்த மாப்பிள்ளைக்கும் தனியா. யாரு செஞ்சாங்கன்னு தெரியாத எடத்துல, எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

தேனப்பன் லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் வாய் திறப்பதற்குள், "சரி, சரி. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அவள் பேருக்குக் கணக்குத் திறக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் லெட்சுமணனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் உடனே இறங்கி வரவில்லை. "பாப்போம்" என்றான். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "நாளைக்கு ரொட்டி ஒன் செலவு. மீன் குழம்போட" என்றான்.

அவள் தன் மேசையில் உட்கார்ந்து, வார இறுதியைச் சனி, ஞாயிறு என்று திருத்திவிட்டு, மூன்றாம் விதியை அழித்தாள். அந்த இடத்தில், "இந்தக் கோப்பைத் தொடாதே. முரண்பாடு கண்டால் வேலையை நிறுத்து, என்னைக் கேள்" என்று எழுதினாள். எழுதியதை மூன்று தடவை, தனக்கு ஆகாதவள் ஒருத்தி எழுதியதுபோல எண்ணிக்கொண்டு படித்தாள். இதில் எங்கே ஓட்டை இருக்கும், யார் எப்படித் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று துருவினாள். "என்னை" என்றால் யாரை என்று மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதற்காகக் கோப்பின் கடைசியில், இந்த விதிகளுக்குப் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு நேரே பிரேமலா என்று தன் பேரைப் போட்டாள். அன்று தேதி 2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை.